பெரணிக்கு நெருங்கிய சொந்தம் வேப்பமரம்

பூக்காத, காய்க்காத, விதை வைக்காத செடிகளைப் பற்றி நம்மிடையே உலவும் தவறான எண்ணங்கள் பலவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். இல்லாத ஒன்றை அடையாளமாக வைத்து அவற்றையெல்லாம் ஒரே கூட்டமாகச் சேர்த்துவிட்டோம். மதில்மேல் படரும் மாஸ், கிணற்றுச் சுவரில் தொங்கும் பெரணி, மலைச்சாலை ஓரத்துச் சிலாஜினெல்லா எல்லாமே ஈரத்தில் வளர்கின்றன, பச்சையாக இருக்கின்றன, விதை வைப்பதில்லை. அதனால் ஒரே இனம்போலத் தோன்றுகின்றன. இவற்றின் வழிகள் பிரிந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஒன்றுக்கு இருக்கும் உறுப்பு இன்னொன்றுக்குக் கிடையாது. இந்த வேறுபாடுகளைப் பள்ளியில் படித்து மறந்திருப்போம். ஆனால் தோட்டத்திலும் சமையலறையிலும் மூலிகைக் கடையிலும் இவை தினமும் எதிரே வருகின்றன. அதனால் பரவலாக இருக்கும் சில நம்பிக்கைகளை எடுத்துப் பார்க்கலாம்.

"பெரணி இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளி வந்தால் பூச்சி விழுந்துவிட்டது"

பெரணித் தொட்டிக்கு வேப்பெண்ணெய் அடிக்கிறவர்களில் பலர் இந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் அடிக்கிறார்கள். இலையைத் திருப்பி நிதானமாகப் பாருங்கள். நடுநரம்புக்கு இருபுறமும், அல்லது விளிம்பை ஒட்டி, ஒவ்வொரு சிற்றிலையிலும் ஒரே ஒழுங்கில் இருந்தால் அவை ஸ்போர்ப்பைகளின் தொகுப்புகள். செதில் பூச்சிக்கு ஒழுங்கு கிடையாது. தாறுமாறாக இருக்கும், காம்பிலும் ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து வரும். பெரும்பாலும் பிசுபிசுப்பும் இருக்கும்.

சந்தேகம் தீரவில்லையென்றால் முதிர்ந்த இலை ஒன்றைப் பறித்து, புள்ளிகள் கீழே பார்க்கும்படி வெள்ளைத்தாளின்மேல் வைத்து, காற்றுப் படாமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள். இலையின் வடிவத்திலேயே தாளில் பழுப்புத் தூள் படிந்திருக்கும். அந்தத் தூள் தானாக உதிர்ந்ததில்லை, வீசியெறியப்பட்டது. ஒவ்வொரு ஸ்போர்ப்பையின் முதுகிலும் தடித்த சுவர் கொண்ட செல்கள் ஒரு வளையமாக அமைந்திருக்கின்றன. அவற்றின் நீர் ஆவியாக ஆக, வளையம் பின்னோக்கி வளைந்து பையைப் பிளக்கிறது. உள்ளே மிஞ்சிய நீர் அந்த இழுவிசையைத் தாங்க முடியாத கணத்தில் குமிழி உண்டாகி, வளையம் சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பும்போது ஸ்போர்கள் பறக்கின்றன. கைலென்ஸ் இருந்தால் விளக்கின் சூட்டில் இதை நேரிலேயே பார்க்கலாம். வேப்பெண்ணெய் அடித்தால் இந்த வேலைதான் கெடும்.

"ஸ்போர் என்பது மிகச் சின்ன விதை"

இந்த ஒரு எண்ணத்தைத் திருத்திக்கொண்டால் மற்றவை பாதி தீர்ந்தன.

விதைக்குள் ஒரு குழந்தைச் செடி உண்டு, அதற்குச் சாப்பாடு உண்டு, மேலே உறை உண்டு. அவரை விதையை ஊறவைத்துப் பிளந்தால் மூன்றையும் கண்ணால் காணலாம். ஸ்போர் ஒரே ஒரு செல். அதற்குள் கரு கிடையாது. தாய்ச்செடியின் குரோமோசோம்களில் சரிபாதிதான் அதில் இருக்கிறது. அது முளைத்தால் தாயைப் போன்ற செடி வராது.

ஐரோப்பியர்கள் பல நூற்றாண்டுகளாக இதில் குழம்பிப்போனார்கள். எல்லாச் செடிக்கும் விதை இருக்கவேண்டும், பெரணியின் விதை கண்ணில் படவில்லை, ஆகவே அது மாயமாய் மறைந்திருக்கும் விதை, அதைப் பிடித்து வைத்திருப்பவனும் மறைந்துபோவான் என்று கிராமங்களில் நம்பினார்கள். ஜமைக்காவில் அறுவை மருத்துவராக இருந்த ஜான் லிண்ட்சே பெரணித் தூளை விதைத்து முளைக்கவைத்து 1794-ல் எழுதினார். அவரும் அதை விதை என்றுதான் குறிப்பிட்டார். முளைத்த சிறு பச்சைத் தகட்டில்தான் ஆண், பெண் உறுப்புகள் இருக்கின்றன என்று 1848-ல் லெஷ்சிட்ஸ்-சுமின்ஸ்கி காட்டினார். மூன்றே ஆண்டுகளில் முழுப்படமும் கிடைத்துவிட்டது. லைப்சிக் நகரில் குடும்பத்தின் இசைநூல் பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நுண்ணோக்கியில் தாவரங்களை ஆராய்ந்துவந்த வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர், 1851-ல், இருபத்தேழு வயதில், மாஸ் முதல் ஊசியிலை மரம் வரை எல்லாத் தாவரங்களிலும் இரண்டு தலைமுறைகள் மாறி மாறி வருகின்றன என்று நிறுவினார். பல்கலைக்கழகப் படிப்பே இல்லாத ஓர் இளைஞரின் இந்த நூலைத் தாவரவியலின் மிகப் பெரிய நூல்களில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

மாஸில் என்ன நடக்கிறது? நாம் பார்க்கும் பச்சை மெத்தை ஸ்போரிலிருந்து வந்த தலைமுறை, ஒற்றைத் தொகுதிக் குரோமோசோம் கொண்டது. அதன் நுனியில் ஆணணுக்களும் பெண்ணணுக்களும் உண்டாகின்றன. மழைநீரில் ஆணணு நீந்திப்போய்ப் பெண்ணணுவைச் சேர்கிறது. அந்தக் கரு அங்கேயே வளர்ந்து, மெல்லிய பழுப்புக் காம்பாக எழுந்து, நுனியில் சிறு குடுவையைத் தாங்குகிறது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ மண்சரிவில் இந்தக் காம்புகள் நூற்றுக்கணக்கில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழே உள்ள பச்சை தாய், மேலே நிற்கும் காம்பு பிள்ளை. இரண்டும் ஒரே செடியின் பாகங்கள் இல்லை. தாய் ஊட்டுவதைத் தின்றுகொண்டு, பிள்ளை ஆயுள் முழுக்க அவள் தலைமேலேயே நிற்கிறது. குடுவையின் மூடி கழன்றதும் வாய் ஓரத்தில் உள்ள பற்கள் காற்றின் ஈரத்துக்கேற்ப விரிந்தும் சுருங்கியும் ஸ்போர்களைச் சிறிது சிறிதாக வெளியே விடுகின்றன.

பெரணியில் கதை தலைகீழ். நாம் வளர்க்கும் பெரிய இலைச்செடி இரட்டைத் தொகுதி கொண்ட பிள்ளைத் தலைமுறை. அதன் தாய், சில மில்லிமீட்டர் அகலமே உள்ள இதய வடிவப் பச்சைத் தகடு. பெரும்பகுதி ஒரே செல் கனம்தான் இருக்கும். பிள்ளை வேர்விட்டு இலைவிட்டதும் தாய் மறைந்துவிடுகிறாள். பழைய செங்கல் கிணற்றின் உள்சுவரில் பெரணிகளுக்கு நடுவே இந்தத் தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்கள் அதை வேறேதோ பாசி என்று எண்ணிக் கடந்துபோகிறார்கள்.

பிள்ளை தாயைச் சார்ந்தே வாழ்கிறதா, தனித்து வாழ்கிறதா என்பதுதான் மாஸ் வகையறாவுக்கும் பெரணி வகையறாவுக்கும் நடுவே ஓடும் பெரிய கோடு. வேர், சைலம், ஃபுளோயம், உயரம் எல்லாம் அந்தக் கோட்டின் பெரணிப் பக்கத்தில் பிள்ளைத் தலைமுறைக்கு வாய்த்தவை.

"ஈரச் சுவரில் பச்சையாக இருப்பதெல்லாம் பாசி"

ஒரே சுவரில் நான்கைந்து வெவ்வேறு உயிர்கள் இருக்கும். வழுக்கும் மெல்லிய படலம் ஆல்கா. அதற்குத் தண்டும் இலையும் கிடையாது. மலைப்பகுதிகளில் சுவரிலும் மரப்பட்டையிலும் செங்காவியாகத் தெரியும் திட்டுகள்கூடப் பெரும்பாலும் டிரென்டிபோலியா என்னும் பச்சை ஆல்காதான். உள்ளிருக்கும் ஆரஞ்சு நிறமி பச்சையை மறைத்துவிடுகிறது. செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசி தாவரமே இல்லை. பூஞ்சையும் ஆல்காவும் கூடி வாழும் லைக்கன் அது.

கையால் தொட்டால் மெத்தென்று, உற்றுப் பார்த்தால் தண்டும் குட்டி இலையும் தெரிந்தால் மாஸ். நம் ஊர்ச் சுண்ணாம்புச் சுவர்களில் அதிகம் காணும் ஹயோஃபிலா என்னும் மாஸ், வெயிலில் இலைகளை உள்நோக்கிச் சுருட்டிக்கொண்டு கறுத்துக் கிடக்கும். செத்துவிட்டது என்று தோன்றும். அதன்மேல் சிறிது தண்ணீரைத் தெளித்துவிட்டு அங்கேயே நில்லுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலைகள் விரிந்து பச்சையாகிவிடும். நீரை உறிஞ்சுவது அதன் உடம்பு முழுவதும்தான். அடியில் இருக்கும் நூல்போன்ற வேரிகளின் முக்கிய வேலை பிடித்துக்கொள்வது. சுவரைப் பிளப்பது ஆலங்கன்றின் வேர், மாஸின் வேரிகளுக்கு அந்த வலு இல்லை. ஈரத்தைத் தேக்கிவைக்கும் என்பது மட்டும் உண்மை. மாஸ்களுக்கு நீர்க்கடத்தும் திசுவே கிடையாது என்று பொதுவாகச் சொல்லிவிடுவதும் சரியில்லை. பாலிட்ரைக்கம் வகைகளின் தண்டுக்குள் நீரைக் கடத்தும் தனிச் செல்கள் உண்டு, சைலத்தில் உள்ள லிக்னின் மட்டும் இல்லை.

தண்டு இலை என்று பிரியாமல், தட்டையான பச்சை நாடாபோல நிலத்தோடு ஒட்டிக் கிளைத்தால் அது லிவர்வொர்ட்டாக இருக்கக்கூடும். மார்கான்ஷியாவின் மேற்பரப்பில் சிறு கிண்ணங்கள் இருக்கும். மழைத்துளி விழுந்தால் அவற்றுக்குள் உள்ள மொட்டுகள் தெறித்துப்போய்ப் புதுச்செடியாகும். எல்லா லிவர்வொர்ட்டும் தட்டை என்று நினைக்கவேண்டாம். பெரும்பாலான இனங்களுக்கு இலைகள் உண்டு, அதனால் மாஸோடு குழப்பிக்கொள்கிறோம். லிவர்வொர்ட்டின் காம்பு சில நாளில் வாடிவிடும், மாஸின் காம்பு வாரக்கணக்கில் விறைப்பாக நிற்கும். லிவர்வொர்ட்டுகளில் இலைத்துளைகளே கிடையாது.

ஹார்ன்வொர்ட் பற்றி யாரும் பேசுவதில்லை. உலகில் மாஸ் சுமார் 12,000 இனம், லிவர்வொர்ட் சுமார் 7,000 இனம் இருக்க, இவை 200 இனம் அளவில்தான் உண்டு. தட்டையான பச்சை உடலிலிருந்து பச்சைக் கொம்பு எழும்பும். அந்தக் கொம்பு நுனியில் வெடித்து ஸ்போர்களை விட்டுக்கொண்டே அடியிலிருந்து வளர்ந்துகொண்டிருக்கும். வேறு எந்த நிலத் தாவரத்தின் ஸ்போர்த் தலைமுறையும் இப்படி அடியிலிருந்து ஓயாமல் வளர்வதில்லை. பல இனங்களில் ஒரு செல்லுக்கு ஒரே ஒரு பெரிய பசுங்கணிகம்தான் இருக்கும், ஆல்காவைப் போல.

"மாஸ், அதற்கு மேல் பெரணி, அதற்கு மேல் பூச்செடி என்று பரிணாமம் படி ஏறியது"

பாடப்புத்தகங்களில் சிலாஜினெல்லாவும் லைக்கோபோடியமும் பெரணியும் டெரிடோஃபைட் என்ற ஒரே தலைப்பில் வரும். சைலமும் ஃபுளோயமும் உண்டு, விதை இல்லை, ஆகவே ஒரே வகை என்ற கணக்கு. 2001-ல் கேத்லீன் பிரையர் குழுவினர் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. பெரணிகளுக்கு இன்று உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவு விதைத் தாவரங்கள். சிலாஜினெல்லாவும் லைக்கோபோடியமும் அடங்கிய லைக்கோஃபைட்டுகள் அதற்கு வெகுகாலம் முன்பே பிரிந்துபோன தனிக்கிளை. சிலாஜினெல்லா பெரணிக்கு எவ்வளவு தூரத்துச் சொந்தமோ, மாமரத்துக்கும் அவ்வளவே தூரம்.

இதைக் கண்ணாலும் பார்க்கலாம். லைக்கோஃபைட்டின் இலை சிறியது, ஒற்றை நரம்பு, அது கிளைப்பதில்லை. ஸ்போர்ப்பை இலையின் மேல்பக்கத்தில் அல்லது கக்கத்தில் இருக்கும். பெரணி இலையில் நரம்புகள் கிளைத்துப் பரவும், குருத்து பெரும்பாலும் சுருண்டிருந்து அவிழும், ஸ்போர்ப்பைகள் இலையின் அடியில் இருக்கும். இலை என்ற உறுப்பு இரு கிளைகளிலும் தனித்தனியே தோன்றியது. வேர்கூட அப்படித்தான் என்று கருதப் போதிய காரணம் உண்டு. லைக்கோஃபைட்டின் வேர் நுனி இரண்டாகப் பிளந்து கிளைக்கும், பெரணியின் வேர் பக்கவாட்டில் கிளைவிடும்.

தரையை மூடும் மாஸ் என்று நர்சரியில் வாங்கிவரும் செடி சிலாஜினெல்லாவாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. தண்டை இழுத்துப் பாருங்கள். கம்பிபோல் விறைப்பாக இருக்கும், ஏனென்றால் உள்ளே சைலம் உண்டு. பல இனங்களில் இலைகள் நான்கு வரிசை: பக்கவாட்டில் இரண்டு பெரியவை, மேலே இரண்டு சிறியவை. மாஸில் இந்த ஒழுங்கு இருக்காது.

லைக்கோபோடியத்தைத் தொட்டவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். பொறியியல் கல்லூரி முதலாண்டு இயற்பியல் ஆய்வகத்தில், கண்ணாடித் தகட்டில் மஞ்சள் தூளைத் தூவி, லேசர் ஒளியைப் பாய்ச்சி, திரையில் விழும் வளையங்களை அளந்து துகளின் அளவைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அந்தத் தூள் லைக்கோபோடியத்தின் ஸ்போர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரே அளவு, 30 மைக்ரோமீட்டர் அருகில் இருப்பதால்தான் வளையங்கள் தெளிவாக விழுகின்றன.

குதிரைவாலும் சைலோட்டமும் 2001 ஆய்வு கொண்டுவந்த மாற்றத்தில் பெரணிப் பக்கம் வந்து சேர்ந்தன. சைலோட்டத்துக்கு வேரும் இல்லை, சரியான இலையும் இல்லை. இரண்டிரண்டாகக் கிளைக்கும் பச்சைக் குச்சிதான் முழுச்செடி. நிலத்தில் முதலில் எழுந்த தாவரங்களின் எச்சம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். டிஎன்ஏ சொன்னது வேறு. பெரணிகளில் ஒன்றாக இருந்து, வேரையும் இலையையும் இழந்து எளிமையானது அது. எளிய தோற்றம் பழமைக்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான செடி இல்லை.

"பெரணி என்றால் இறகுபோன்ற இலை"

வயல் வரப்பில் பறிக்கும் ஆரைக்கீரை ஒரு பெரணி. நான்கு சிற்றிலைகள் குடைபோல விரிந்திருப்பதால் தீவனப்பயிர் இனமென்று பலர் நினைக்கிறார்கள். அதன் காம்படியில் மிளகுபோன்ற கடினமான காய்கள் இருக்கும். விதையில்லை, ஸ்போர்களைப் பொதிந்து வைத்த உறைகள். காய்ந்து பல பத்தாண்டுகள் கிடந்தாலும் கெடாது. ஓட்டைச் சற்றே உரசித் தண்ணீரில் போட்டால் சிறிது நேரத்தில் உள்ளிருந்து கூழ்மமான ஒரு நாடா நீண்டு வெளியே வரும், அதில் ஸ்போர்ப்பைகள் வரிசையாகத் தொங்கும். பள்ளி ஆசிரியர்கள் வகுப்பில் இதை ஒருமுறையாவது செய்துகாட்டவேண்டும்.

மாட்டுக்குத் தீவனமாகத் தொட்டியில் வளர்க்கும் அசோலாவும் பெரணியே. இலையின் உட்குழியில் வாழும் நீலப்பச்சை நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. அசோலாவில் புரதம் மிகுந்திருப்பதற்கு அதுவே அடிப்படை.

கொல்லிமலையில் சூப் வைக்கும் முடவாட்டுக்கால் கிழங்கும் பெரணியின் தண்டுதான். பாறைமேலும் மரத்தின்மேலும் ஊர்ந்து படரும் தண்டு. பழுப்புச் செதில்கள் அடர்ந்திருப்பதால் ஆட்டுக்கால்போல இருக்கிறது. ஓடையோரக் காட்டில் அதைப் பார்த்தால் இரண்டு வகை இலைகள் தெரியும்: நீண்ட பச்சை இலைகள், அடியில் காய்ந்த சருகுபோல் நிற்கும் குட்டை இலைகள். பின்னவை மேலிருந்து விழும் குப்பையையும் ஈரத்தையும் பிடித்துச் செடிக்கு உரமாக்கித் தருகின்றன. மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை, தொற்றி மட்டுமே வாழ்கிறது. கிழங்கு என்று அழைப்பதால் மண்ணுக்குள் இன்னும் கிடக்கும் என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் பாறைமேல் இருப்பதே செடியின் முழு உடல். மலையில் சந்தைக்கென்று மூட்டை மூட்டையாக அறுக்கப்படுவதைப் பார்க்கையில் எனக்குக் கவலையாக இருக்கிறது. இதைத் தோட்டப்பயிராக வளர்க்கும் முயற்சிகள் பெருகவேண்டும்.

மாறாக, பூங்கொத்தில் செருகும் அஸ்பராகஸ் ஃபெர்ன் பெரணியே இல்லை. தண்ணீர்விட்டான் கிழங்கின் இனம். வெள்ளைப் பூப்பூத்துப் பழம் வைக்கும்.

"தண்ணீரில் போட்டதும் விரிந்தால் அது சஞ்சீவி மூலிகை"

கோயில் வாசல்களிலும் சந்தைகளிலும் காய்ந்த பந்துபோலச் சுருண்ட செடியை விற்கிறார்கள். தண்ணீரில் போட்டதும் விரியும், பார்க்கிறவர்கள் கைகூப்புவார்கள். சிலாஜினெல்லா இனம் அது, விந்திய, சாத்பூரா மலைப்பகுதிப் பாறைகளில் வளர்கிறது. உயிருள்ள செடி முற்றிலும் வறண்ட பின்னும் மீளும் என்பது மெய்யான, வியக்கத்தக்க ஆற்றல். ஆனால் இப்படிச் சுருளும் செடிகளில் விரிவதில் பெரும்பங்கு திசு நீரை ஏற்று உப்புவது. செத்த செடியும் விரியலாம். உயிர் இருக்கிறதா என்று அறிய, சில நாள் ஈரத்தில் வைத்துப் பச்சை நிறம் திரும்புகிறதா என்று பார்க்கவேண்டும். இந்தச் செடிதான் இராமாயணத்துச் சஞ்சீவி என்று யாரும் நிறுவியதில்லை. உயிர்காக்கும் மருந்தாக இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

"இவை பழைய, வளர்ச்சி நின்றுபோன செடிகள்"

2016-ல் உலக வல்லுநர்கள் கூடி வெளியிட்ட பட்டியலில் பெரணிகள் 10,578 இனம், லைக்கோஃபைட்டுகள் 1,338 இனம். இன்றுள்ள பெரணி இனங்களில் மிகப் பெரும்பகுதி, பூக்கும் மரங்கள் காடுகளை மூடிய பிறகு அவற்றின் நிழலில் கிளைத்தவை. மங்கிய வெளிச்சத்தில் வாழ உதவும் ஒளியுணர் மரபணு ஒன்று பெரணிகளுக்கு ஹார்ன்வொர்ட்டிலிருந்து வந்து சேர்ந்தது என்று 2014-ல் தெரியவந்தது. பெற்றோர் வழியாக அல்ல, ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்கு நேரடியாகத் தாவி வந்த மரபணு. நம் ஊர்ப் பழைய மதில்களில் முளைக்கும் டெரிஸ் விட்டேட்டா மண்ணிலுள்ள ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் பெருமளவு சேர்த்துவைக்கிறது. ஆர்சனிக் கலந்த நிலத்தைத் தூய்மைப்படுத்த இதைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். நியூ கலிடோனியாத் தீவில் வளரும் ஒரு சின்னப் பெரணி, சைலோட்டத்தின் நெருங்கிய உறவு, ஒரு செல்லில் மனிதரைவிட 50 மடங்கு டிஎன்ஏ வைத்திருக்கிறது. 2024-ல் வெளியான இந்த அளவுதான் இதுவரை அறிந்தவற்றில் மிகப் பெரிய மரபணுத்தொகுதி.

"நிலக்கரி என்பது பெரணிக் காடுகள் புதைந்தது"

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சதுப்புகளில் நிலக்கரியின் பெரும்பகுதியைத் தந்தவை பெரணிகள் இல்லை. 30 மீட்டருக்கு மேல் ஓங்கி நின்ற லைக்கோஃபைட் மரங்கள், இன்றைய சிலாஜினெல்லாவின் தூரத்து உறவுகள். பெரணிகள் அவற்றுக்கு நடுவே இருந்தன. பெரணி என்று முதலில் எண்ணிய புதைபடிவ இலைகளில் பல, பின்னர் விதை வைத்த செடிகளுடையவை என்று தெரிந்தது.

இந்தியக் கதை இதிலிருந்தும் வேறு. ஜாரியா, ராணிகஞ்ச் சுரங்கங்களின் நிலக்கரி அதற்கும் பிந்திய பெர்மியன் காலத்தது. அதன் முதன்மை மூலம் குளோசாப்டெரிஸ், நாக்கு வடிவ இலை கொண்ட மரம். பெயரின் 'டெரிஸ்' பகுதியில் பெரணி ஒட்டிக்கொண்டிருந்தாலும் விதை வைத்தது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி இன்னும் வெகு அண்மையது. அதன் துண்டுகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள் அதிகம் கண்டது பூக்கும் தாவரங்களின் மகரந்தம். இடையிடையே பெரணி ஸ்போர்களும் இருந்தன.